ஏரிக்கரைச் சாலையில் நூற்றுப் பதினேழு வண்டிகள்

மார்ச் மாதம் ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, காலை ஆறு மணி நாற்பது நிமிடம் தொடங்கி எட்டு மணிக்குள், ஈ காக்கை கூட எட்டிப் பார்க்காத ஏரிக்கரைச் சாலையில் நூற்றுப் பதினேழு வண்டிகள் வந்தன. ஒரு மனிதர் ஏழு வாரம் மண்டையை உடைத்துக்கொண்டு கண்டுபிடித்த அமைதியான சாலை அது. அந்த அமைதியைப் பொதுமக்கள் திட்டமிட்டுக் கெடுத்தார்கள். குறை இவ்வளவே. இதில் சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றும் இல்லை.

அந்த மனிதர் நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்தொரு ஆண்டுகள் வண்டிகளை எண்ணியவர். சாலையோரத்தில் மடக்கு நாற்காலியைப் போட்டு, குடையை விரித்து, போகும் வண்டி வரும் வண்டி ஒவ்வொன்றுக்கும் ஒரு கோடு. நான்கு கோடுகள் நிமிர்ந்து நின்றால் ஐந்தாவது அவற்றின் குறுக்கே படுக்கும். அவர் கண்ணுக்குத் தப்பிய வண்டி ஒன்றே ஒன்று. வேலையில் சேர்ந்த இரண்டாம் ஆண்டில் வழிப்போக்கர் ஒருவர் மணி கேட்டார். இவர் கைக்கடிகாரத்தைப் பார்த்து விடை சொன்னார். அந்த இடைவெளியில் ஒரு லாரி போய்விட்டது. அந்த லாரி இன்றளவும் அரசின் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அன்று முதல், எண்ணும் நேரத்தில் வாய் திறப்பதில்லை என்று அவர் முடிவு செய்தார். யார் எது கேட்டாலும் அருகில் நிற்கும் பலகையைச் சுட்டிக்காட்டுவார். ‘போக்குவரத்துக் கணக்கெடுப்பு நடைபெறுகிறது’ என்று அதில் பிழையின்றி எழுதியிருக்கும்.

ஊரில் அவரை வண்டியெண்ணி என்பார்கள். மரியாதை கருதி இங்கே வண்டியெண்ணியார் என்போம். ஓய்வு பெற்ற நாளில் மற்றவர்களுக்குச் சுவர்க்கடிகாரம் கொடுக்கும் துறை, இவருக்கு இவருடைய நாற்காலியையும் குடையையும் பலகையையுமே கொடுத்து அனுப்பிவிட்டது.

ஓய்வு பெற்றதும் அவருக்கு ஒரே ஓர் ஆசை. மனைவியோடு மிதிவண்டியில், அழகான ஒரு நாட்டுப்புறச் சாலையில், ஒரு காலைப்பொழுது போய்வர வேண்டும். பேராசை என்று யாரும் சொல்ல முடியாது. ஊரார் போன பயணங்களையெல்லாம் எண்ணி முடித்தவர், தாம் ஒரு பயணமும் போனதில்லை. ஞாயிறுதோறும் அவர் ஏதாவது ஒரு நாற்சந்தியில் இருந்தார். அம்மையார் வீட்டில் தையல் இயந்திரத்தின் முன் இருந்தார்.

தையற்கார அம்மையாருக்கு ஐம்பத்து நான்கு வயது. மிதிவண்டியைத் தொட்டதே இல்லை. அவருடைய தம்பி மிதிவண்டிக்கடை வைத்திருந்ததால், ஒரு வண்டியைக் கொண்டுவந்து கொடுத்து, பள்ளி மைதானத்தில் ஆறு வாரம் இருக்கையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினார். அம்மையார் கற்றுக்கொண்டார். ஆனால் ஓர் இடர் இருந்தது. கண் போகும் பக்கம் கைப்பிடியும் போய்விடும். அவ்வளவு பெரிய மைதானத்தில் ஒரே ஒரு கம்பம். அதில் அவர் பதினொரு முறை மோதினார்.

“அக்கா, கம்பத்தைப் பாக்காதே!”

“எதைப் பாக்கக்கூடாதுன்னு தெரிஞ்சுக்க அதைப் பாத்துதானேடா ஆகணும்?”

பதினோராம் முறை எழுந்து முழங்காலைத் தட்டிக்கொண்ட பின், அம்மையார் கணவரிடம் தம் நிபந்தனையைச் சொன்னார்.

“என்னங்க, நான் வர்றேன். ஆனா எதிர்ல ஒரு வண்டி வந்தாலும் இறங்கிடுவேன். இறங்கினா இறங்கினதுதான். சைக்கிளைத் தம்பி கடையில போட்டுட்டு, நான் பாட்டுக்கு என் மெஷின்ல உக்காந்துக்குவேன். அப்புறம் வா வான்னு என் உயிரை எடுக்கக்கூடாது.”

ஆக, வண்டியே வராத சாலை வேண்டும். இப்படி ஒரு வினாவுக்கு விடை சொல்ல இந்த நாட்டிலேயே தகுதியான ஆள் தாம்தான் என்று வண்டியெண்ணியார் நினைத்தார். அந்த நினைப்புத்தான் எல்லாவற்றையும் கெடுத்தது.

சாப்பாட்டு மேசையில் வரைபடத்தை விரித்தார். நான்கு மூலைகளிலும் நான்கு நூற்கண்டுகளை வைத்தார். அவை அம்மையாருக்கு உடனுக்குடன் தேவைப்பட்டதால், வரைபடம் அடிக்கடி சுருண்டுகொண்டது. மைத்துனர் மாலையில் கடையைப் பூட்டிவிட்டு, கையில் எண்ணெய்க் கறையோடு வந்து உட்கார்வார்.

“அத்தான், மலையடிவாரச் சாலை நல்லா இருக்குமே?”

“செங்கல் லாரி. மணிக்கு ஒன்பது.”

“கால்வாய்ப் பக்கம்?”

“வண்டி வராது. ஆனா மூணு கிலோமீட்டருக்கு சிமென்ட் கிடங்கோட சுவர். சுவரைப் பாக்கவா சைக்கிள்ல போறோம்?”

“தோட்டத்து வழி?”

“நாய்.”

“எத்தனை?”

வண்டியெண்ணியார் தலைகுனிந்தார். “துறைப் படிவத்துல நாய்க்குக் கட்டம் கிடையாது மாப்பிள்ளை.”

ஏழாம் வாரம், பழைய பதிவேடு ஒன்றில் ஏரிக்கரைச் சாலை அகப்பட்டது. பதினான்கு கிலோமீட்டர். ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் சூரியகாந்தி வயல், இரு பக்கமும் மரம். தொடக்கத்தில் பம்பு அறையும் ஒரு தேநீர்க்கடையும். முடிவில் ஒரு பாலம். ஒன்பது ஆண்டுகளுக்கு முன் அவர் கையாலேயே எழுதிய குறிப்பு: ‘மணிக்கு இரண்டு வண்டிகள். அவற்றுள் ஒன்று என்னுடையது.’

மைத்துனர் துள்ளிக் குதித்தார். “அப்புறம் என்ன, கிளம்ப வேண்டியதுதானே!”

“ஒன்பது வருஷப் பழைய கணக்கு. அதை நம்பி உங்க அக்காவை ஏத்திவிட முடியுமா? புதுசா எண்ணணும்.”

“ஒரு தடவை போய்ப் பாத்துட்டு வந்தா போதாதா?”

“பாக்குறது வேற, எண்ணுறது வேற. விதிப்படி மூணு நாள். நாளுக்குப் பன்னெண்டு மணி நேரம்.”

உள்ளேயிருந்து தையல் இயந்திரத்தின் ஓசை நின்றது. “டேய் தம்பி, அவரை விட்டுடு. எண்ணலைன்னா அவருக்குச் சாப்பாடு செரிக்காது.”

புதன்கிழமை விடியலில் வண்டியெண்ணியார் ஏரிக்கரையின் நடுவில் நாற்காலியைப் போட்டார், குடையை விரித்தார், பலகையை நட்டார். வேறு எவராயிருந்தாலும் ஒரு மரத்தடியில் சும்மா உட்கார்ந்து பார்த்துவிட்டு வந்திருப்பார். இவருக்குச் சும்மா உட்காரத் தெரியாது.

முதல் நாள் பொன்னான நாள். பன்னிரண்டு மணி நேரத்தில் மூன்று வண்டிகள். பால்வண்டி போயிற்று, அதே பால்வண்டி திரும்பிற்று, அஞ்சல்காரரின் மொபெட் ஒன்று. பால்வண்டிக்காரர் மட்டும் திரும்பும்போது நிறுத்தினார்.

“என்னண்ணே, எதுக்கு எண்ணுறீங்க?”

வண்டியெண்ணியார் பலகையைச் சுட்டிக்காட்டினார்.

“அது தெரியுது. எதுக்குன்னு கேட்டேன்.”

மீண்டும் பலகை.

“சொல்லக்கூடாதோ?”

பலகை. பால்வண்டிக்காரர் எதையோ புரிந்துகொண்டவர்போலத் தலையை மெல்ல ஆட்டிவிட்டு, வழக்கத்தைவிட வேகமாகப் போனார்.

இரண்டாம் நாள் பத்தொன்பது வண்டிகள். வண்டியெண்ணியாருக்கு நெற்றி சுருங்கியது. நீல டிராக்டர் ஒன்று காலையில் போயிற்று, வந்தது, போயிற்று, வந்தது. மொபெட்டில் ஒருவர் மனைவியோடு போனார். அரை மணியில் மாமியாரோடு திரும்பினார். பிறகு ஓர் ஆட்டோடு போனார். ஏன் என்ற கேள்வி கணக்கெடுப்பவர் கேட்கக்கூடாத கேள்வி. அவர் கோடு போட்டார்.

மூன்றாம் நாள், அறுபத்து நான்கு. இப்போது ஒவ்வொருவரும் குடையருகே வேகத்தைக் குறைத்து ஒலியெழுப்பினார்கள். கையசைத்தார்கள். ஆட்டைக் கொண்டுபோனவர் நின்றே விட்டார்.

“எழுதிட்டீங்களா ஐயா?”

எழுதிவிட்டதாகத் தலையசைத்தார்.

“நல்லாத் தெளிவா எழுதுங்க. சின்ன வண்டின்னு விட்டுடாதீங்க.”

அன்று மாலை வீடு திரும்பியவரின் முகத்தைப் பார்த்து அம்மையார் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். மிதிவண்டிக்கென்றே அகலக் கால்சட்டை ஒன்றைத் தைத்து, கடைசி மடிப்பை மடித்துக்கொண்டிருந்தார் அவர்.

“எத்தனை?”

“அறுபத்து நாலு.”

“ஏரிக்கரையிலயா? அங்க அவ்வளவு பேர் எங்கிருந்து வந்தாங்க? தண்ணிக்குள்ளேருந்தா?”

வண்டியெண்ணியார் பதில் சொல்வதற்குள் மைத்துனர் வாசலில் செருப்பை வீசிவிட்டு உள்ளே வந்தார். சிரிப்பில் அவருக்கு மூச்சு முட்டிக்கொண்டிருந்தது.

“அத்தான், இன்னைக்குக் கடையில பதினாலு பஞ்சர்! அத்தனையும் ஏரிக்கரை ஆளுங்க. என்னப்பா விஷயம்னு கேட்டேன். ‘சர்க்கார்லேருந்து எண்ண வந்திருக்காங்க. நூறு வண்டி தாண்டினா பஸ் விடுவாங்களாம். அதான் முறை வெச்சு ஓட்டுறோம்’ங்கிறான்!”

“நூறுன்னு யார் சொன்னா?”

“பால்வண்டிக்காரர். ஆத்துக்கு அந்தப் பக்கத்து ஊர்ல இப்படித்தான் ஒருத்தர் குடை பிடிச்சு உக்காந்தாராம். வாயே திறக்கலையாம். ஆறே மாசத்துல பஸ் வந்துடுச்சாம்.”

வண்டியெண்ணியாரின் முதுகு தம்மையறியாமல் நிமிர்ந்தது. “அது நான்தான்.”

“பெருமையைப் பாரு!” என்றார் அம்மையார். “போய் உண்மையைச் சொல்லிட்டு வாங்க. ஞாயித்துக்கிழமை நான் வண்டி ஏறணுமா வேண்டாமா?”

சனிக்கிழமை காலை, குடையும் பலகையும் இல்லாமல், வண்டியெண்ணியார் பம்பு அறையருகே இருந்த தேநீர்க்கடைக்குப் போனார். கடைக்கார அம்மாள் கரும்பலகையில் நேர அட்டவணை எழுதிக்கொண்டிருந்தார். ஆறு நாற்பது, நீல டிராக்டர். ஆறு நாற்பத்தைந்து, பால்வண்டி. நெடுஞ்சாலைத் துறையில் முப்பத்தொரு ஆண்டுகளில் அவ்வளவு ஒழுங்கான அட்டவணையை வண்டியெண்ணியார் கண்டதில்லை. பெஞ்சுகளில் இருந்தவர்கள் அவரைக் கண்டதும் எழுந்து நின்றார்கள்.

“உக்காருங்க, உக்காருங்க. நான் ஒரு விஷயம் சொல்ல வந்தேன்” என்றார்.

“ஐயா பேசுறாரு!” என்று பால்வண்டிக்காரர் வியந்தார்.

“நான் வேலையிலிருந்து ஓய்வு வாங்கிட்டேன். இது சர்க்கார் கணக்கு இல்ல.”

கடைக்கார அம்மாள் பால்வண்டிக்காரரைப் பார்த்தார். பால்வண்டிக்காரர் ஆட்டுக்காரரைப் பார்த்தார். மூவரும் புன்னகைத்தார்கள்.

“அப்படித்தான் சொல்லச் சொல்லியிருப்பாங்க” என்றார் அம்மாள் பரிவோடு.

“யாரும் சொல்லச் சொல்லலம்மா! என் சம்சாரம் சைக்கிள் ஓட்டப் போறா. வண்டி வந்தா அவளுக்குப் பயம். அதுக்காகத்தான் எண்ணினேன்.”

“சம்சாரம் சைக்கிள் ஓட்ட, மூணு நாள் வெயில்ல உக்காந்து, கோடு போட்டு எண்ணினீங்க?”

“ஆமா.”

பெஞ்சு முழுவதும் விழுந்து விழுந்து சிரித்தது. ஆட்டுக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ஐயா, எங்க காதுல பூ சுத்துறதுன்னா கொஞ்சம் நம்புற மாதிரியாவது சுத்தக்கூடாதா?”

உண்மை சொல்லி இவ்வளவு அவமானப்பட்டவர் வேறு எவரும் இரார். வண்டியெண்ணியார் கைகூப்பினார். “சரி, நம்ப வேண்டாம். நாளைக்கு ஒரே ஒரு நாள், காலையில ஒரு வண்டியும் வராம இருங்க. போதும்.”

கடைக்கார அம்மாளின் முகம் மாறியது. குரலைத் தாழ்த்தினார். “நாளைக்குக் காலையிலயா?”

“ஆமாம்மா. ஆறு மணியிலேருந்து எட்டு வரைக்கும்.”

“புரிஞ்சுது ஐயா. நல்லாப் புரிஞ்சுது. நீங்க நிம்மதியாப் போயிட்டு வாங்க.”

வண்டியெண்ணியார் நிம்மதியாகப் போனார். அவர் முதுகுக்குப் பின்னால் கடைக்கார அம்மாள் அட்டவணையை முழுவதும் அழித்துவிட்டு, ‘நாளைதான் பெரிய அதிகாரி பார்வை, ஆறு முதல் எட்டு வரை, அனைவரும்’ என்று எழுதியதை அவர் காணவில்லை.

ஞாயிறு காலை ஆறு மணிக்குப் பம்பு அறையிலிருந்து இருவரும் புறப்பட்டார்கள். மைத்துனர் சரக்குவண்டியோடு மறுமுனையில், பாலத்தருகே காத்திருப்பார் என்பது ஏற்பாடு. அம்மையார் முன்னே, வண்டியெண்ணியார் இரண்டு வண்டி நீளம் பின்னே. ஏரியின் மேல் பனி மெல்லக் கலைந்துகொண்டிருந்தது. சாலையில் ஓர் உயிரும் இல்லை. கடைக்கார அம்மாள் சொன்ன சொல்லைக் காப்பாற்றிவிட்டார் என்று வண்டியெண்ணியாருக்கு நெஞ்சு நிறைந்தது.

“என்னங்க, தண்ணியில என்னமோ சத்தம்! வாத்தா?”

“திரும்பாதே! திரும்பினா ஏரிக்குள்ள போயிடுவே. ரோட்டைப் பாரு.”

“அப்ப அழகை நீங்க பாத்துச் சொல்லுங்க. நான் மிதிக்கிறேன்.”

வண்டியெண்ணியார் தொண்டையைச் செருமிக்கொண்டார். “இடது பக்கம் ஏரி. வாத்து ஏழு.”

“எண்ணாதீங்க. எப்படி இருக்குன்னு சொல்லுங்க.”

அவர் நெடுநேரம் யோசித்தார். “ஈரமா இருக்கு.”

அம்மையார் சிரித்தார். சிரிப்பில் வண்டி சற்றே ஆடிற்று, பிறகு நிமிர்ந்துகொண்டது. திருமணமான நாளிலிருந்து இவ்வளவு அருகில் வண்டியெண்ணியார் அந்தச் சிரிப்பைக் காலை வேளையில் கேட்டதில்லை. காலை வேளைகளில் அவர் வீட்டில் இருந்ததில்லை. “வலது பக்கம் சூரியகாந்தி” என்று தொடர்ந்தார், உற்சாகம் தாங்காமல். “எல்லாம் ஒரே பக்கமாத் திரும்பி நிக்குது. மிலிட்டரி மாதிரி. ஒண்ணு மட்டும் உன் தம்பி மாதிரி வேற பக்கம் பாக்குது.”

“அடடா, இவருக்கும் பேச வருதே!”

நாற்பது நிமிடம் இப்படிப் போயிற்று. நாற்பதே நிமிடம்.

வளைவைத் தாண்டியதும், ஊர்ப்பாதையிலிருந்து சாலைக்கு ஏறிவந்த வண்டிகளின் விளக்குகள் எதிரே. முதலில் நீல டிராக்டர். அதன் பின்னால் பால்வண்டி, மொபெட்டுகள், இரண்டு கார்கள், தண்ணீர் லாரி. வால் கண்ணுக்கு எட்டவில்லை. ஒலிப்பான்கள் அனைத்தும் ஒருசேர முழங்கின. டிராக்டரின் பக்கவாட்டில் தொற்றிக்கொண்டு, தேநீர்க்கடை அம்மாள் துண்டை வீசி வீசி ஆட்டினார்.

“என்னங்க! வண்டி! வண்டிங்க!”

அம்மையாரின் கண் டிராக்டரின் மேல் பதிந்தது. கைப்பிடி அதே பக்கம் திரும்பியது. ‘பிரேக்கைப் பிடி’ என்று கத்தத்தான் வண்டியெண்ணியார் வாயைத் திறந்தார். முப்பத்தொரு ஆண்டுகள் அவரை முந்திக்கொண்டன.

“ஒண்ணு” என்றார்.

கால் தரையில் ஊன்றியது. கை சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்தது. முதல் கோடு விழுந்தது.

அம்மையாரின் காதில் அந்தச் சொல் விழுந்ததும் அவருடைய அச்சம் இருந்த இடம் தெரியவில்லை. “நான் சாகப்போறேன், இந்த மனுஷன் எண்ணிக்கிட்டு நிக்கிறாரு!” என்று கூவினார். கோபத்தில் அவர் மிதித்த மிதிக்கு மிதிவண்டி அம்பாகப் பாய்ந்தது. நேரே டிராக்டரை நோக்கி. டிராக்டர்காரருக்கு மைதானத்துக் கம்பத்தின் பொறுமை இல்லை. வெடுக்கெனத் திருப்பிச் சூரியகாந்தி வயலுக்குள் இறங்கினார். பால்வண்டி இடப்பக்கம் ஒதுங்கியது. தண்ணீர் லாரி வலப்பக்கம் ஒதுங்கியது. அம்மையார் எந்த வண்டியைப் பார்த்தாரோ அந்த வண்டி அலறிக்கொண்டு விலகியது. அவ்வளவு பெரிய ஊர்வலம் இரண்டாகப் பிளந்து வழிவிட, அவர் அதன் நடுவே மணியடித்துக்கொண்டு போனார்.

இவை எதையும் வண்டியெண்ணியார் பார்க்கவில்லை. கோடுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டிகள் ஒவ்வொன்றாக அவரருகே வேகம் தணிந்து, கையசைத்து, கடந்தன; திரும்பி வந்து மறுபடியும் கடந்தன. ஒருவர் என்னவோ கேட்டார். இவர் பழக்கத்தில் பலகை இருக்க வேண்டிய வெற்றிடத்தைச் சுட்டிக்காட்டினார். கடைசி மொபெட் ஆட்டோடு போய்ச் சாலை மீண்டும் அமைதியானபோது மணி எட்டு. கூட்டினார். நூற்றுப் பதினேழு. மிதிவண்டிக்கான கட்டத்தில் மட்டும் தனியே ஒரு கோடு நின்றது. அந்தக் கோடு யார் என்று அவருக்குச் சிறிது நேரம் விளங்கவில்லை. விளங்கியதும் தலையில் அடித்துக்கொண்டு வண்டியில் ஏறினார்.

பாலத்தின் கைப்பிடிச் சுவரில் அம்மையார் பிஸ்கட் தின்றுகொண்டு உட்கார்ந்திருந்தார். முகம் சிவந்து, தலை கலைந்து, பத்து வயது குறைந்து காணப்பட்டார்.

“வாங்க அத்தான்” என்றார் மைத்துனர். “அக்கா வந்து ஒரு மணி நேரத்துக்கு மேலாச்சு. உங்களை எங்கன்னு கேட்டேன். ‘ஆபீஸ்ல இருக்கார்’னா.”

வண்டியெண்ணியார் மூச்சிரைக்க நின்றார். “அடி எதுவும் படலையே?”

“எனக்கு எதுக்குப் படப்போகுது? அவங்கதான் வயல்ல கிடக்காங்க.” அம்மையார் மடியிலிருந்த துகள்களைத் தட்டினார். “இனிமே எனக்கு எந்த வண்டியும் பயமில்ல. எதிர்ல என்ன வந்தாலும் ஓட்டுவேன்.”

“அப்ப நாம அடுத்த ஞாயிறு...”

“நீங்கதான் ஓட்ட மாட்டீங்க. ஒரு வண்டியைக் கண்டாப் போதும், என்னை அத்துவானத்துல விட்டுட்டு நோட்டை எடுத்துடுவீங்க.”

“பழக்கம். கை தானாப் போயிடுச்சு.”

“அந்த நாப்பது நிமிஷம் நல்லா இருந்துச்சு” என்றார் அம்மையார், குரல் சற்றே தணிந்து. “தம்பி மாதிரி ஒரு பூன்னு சொன்னீங்களே, அதை நினைச்சுச் சிரிச்சுக்கிட்டே வந்தேன். முழுசாப் பதினாலு கிலோமீட்டரும் அப்படிச் சொல்லிக்கிட்டு வருவீங்கன்னா, வரும் ஞாயிறு ஒரு தடவை பாக்கலாம். அன்னைக்கும் பாதியில நின்னீங்கன்னா, அதுக்கப்புறம் நான் இவனைக் கூட்டிக்கிட்டுப் போயிடுவேன். நீங்க வீட்ல உக்காந்து பட்டனை எண்ணலாம்.”

“எந்தப் பூ?” என்றார் மைத்துனர் ஐயத்தோடு. அம்மையார் ஒரு பிஸ்கட்டை எடுத்து அவர் கையில் திணித்தார்.

ஆகவே நிலைமை இதுதான். அம்மையாருக்கு இனி எந்த வண்டியாலும் இடையூறு இல்லை. வண்டியெண்ணியாருக்கோ ஒரு வண்டி போதும். ஒரே ஒரு வண்டி. ஏன், ஆட்டோடு வரும் ஒரு மொபெட் போதும். அவர் கால் ஊன்றிவிடும்.

இதைப் படிக்கும் நீங்கள் எந்த ஊரினராயினும் சரி, எத்தனை சக்கரங்களுக்கு உரிமையாளராயினும் சரி: வரும் ஞாயிறு, பதினாறாம் நாள், காலை ஆறு மணி முதல் எட்டு மணி வரை ஏரிக்கரைச் சாலையில் வண்டியோடு தலைகாட்டாதீர்கள். பேருந்து வேண்டுமென்றால் துறைக்கு மனு எழுதுங்கள். எழுதத் தெரியவில்லையென்றால் வண்டியெண்ணியாரிடம் திங்கட்கிழமை வாருங்கள், அவரே எழுதித் தருவார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் வண்டியைக் கொட்டகையில் நிறுத்திச் சாவியைக் கழற்றி வையுங்கள். அவர் மனைவியோடு பாலம் வரை போகட்டும்.